ஐந்து அலசல்

குய்யாங்
12 மார்ச் 2024

பிடிவாதக்கார ருவானுக்கு,

நான் நலம். நீயும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். நலமில்லை என்றால் சொல்கிற பழக்கம்தான் உனக்குக் கிடையாதே.

ஃபோன் வேண்டாம், கடிதம்தான் என்று நாம் பேசி வைத்தது எவ்வளவு நல்ல முடிவு என்று புத்தாண்டு அன்று தெரிந்துபோயிற்று. ஆசைப்பட்டு ஒரு தடவை கூப்பிட்டேன். நான்காவது நிமிடம் நீ, “உங்கம்மா போயி ஒரு வருஷம் ஆச்சு, இன்னும் அங்க என்ன பண்ணிட்டிருக்க?” என்றாய். நான் வைத்துவிட்டேன். காகிதத்தில் கேட்டிருந்தால் அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன். அம்மாவைப் பார்த்துக்கொள்ளத்தான் வந்தேன், ஆனால் இங்கே கிடைத்த இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, ருவான். சாயப்பட்டறை ஆய்வகத்தில் இருபது வருடம் துணியின் நிற ஷேடு பார்த்துவிட்டு, ஐம்பது வயதில் ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒருத்தியை இங்கே “பான் அக்கா, நீங்க பாத்துச் சொன்னாதான் சரி” என்கிறார்கள். அதை விட்டுவிட்டு வர மனமில்லை. அதனால்தான் நீ இங்கே வருகிறாய். அக்டோபரில் உனக்கு அறுபது. ஓய்வு பெற்ற மறுநாளே ரயில். நான்கு வருடம் இரண்டு ஊரில் இரண்டு அடுப்பு எரித்தது போதும். இதில் பேச்சு மாறக்கூடாது.

இப்போது ஒரு வேடிக்கை சொல்கிறேன். வேலையில் நான் என்ன செய்கிறேன் என்று நீ எப்போதும் கிண்டல் பண்ணுவாயே, கேள். இங்குள்ள தரவுச் சந்தையில் ஆலைகள் தங்கள் பதிவேடுகளை விற்கின்றன. எந்தத் துணி லாட், என்ன வெப்பம், எத்தனை நேரம், எத்தனை அலசல், எல்லாம். விற்பதற்கு முன் பெயர்களை எடுத்துவிடுவார்கள். அந்தக் கணக்கு நம்பத்தக்கதா என்று பார்த்து என்னைப் போல ஒருத்தர் கையெழுத்துப் போட வேண்டும். போன மாதம் வூஷியில் ஒரு இயந்திரக் கம்பெனி, சாயப்பட்டறையில் தண்ணீரை மிச்சப்படுத்தும் கருவி செய்வதற்காகப் பதினோரு பட்டறைகளின் பதிவேடுகளை வாங்கியது. ஏழாவது கோப்பைத் திறந்தேன். ஊர் பெயர் இல்லை, ஆள் பெயர் இல்லை. ஆனால் ஒரு ஷிப்டில் மட்டும் ஒவ்வொரு லாட்டுக்கும் கீழே குறிப்பு என்ற கட்டத்தில், “தூறல்.” “மூடுபனி, பதினோரு மணிக்கு விலகியது.” “கால்வாயில் வாத்துகள் ரொம்பச் சத்தம்.”

குறிப்புக் கட்டத்தில் வானிலை எழுதுகிற சாய மாஸ்டர் சீனாவில் எத்தனை பேர் இருப்பார்கள்? வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு அழுகையும் வந்தது. ஒரு மாதமாக மதியச் சாப்பாட்டு வேளையில் உன் கோப்பைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். என் பிறந்தநாள் அன்று கேச்சியாவில் நல்ல வெயிலாமே. எனக்கு எழுதின கடிதத்தில் அதைச் சொல்லவே இல்லையே நீ.

மற்றப் பத்துக் கோப்புகளையும் இரண்டு தடவை சரிபார்த்தேன். உன்னுடையதற்கு ஒரே தடவையில் முதல்தரம் என்று கையெழுத்துப் போட்டேன். உன்னை எனக்குத் தெரியாதா?

உன்
மெய்சு

*

கேச்சியா, சாவ்சிங்
24 மார்ச்

மெய்சுவுக்கு,

கடிதம் கிடைத்தது. குறிப்புக் கட்டத்தையெல்லாம் விற்பார்கள் என்று தெரிந்திருந்தால் இன்னும் நல்ல வானிலையாகப் பார்த்து எழுதியிருப்பேன்.

இங்கே எல்லாம் வழக்கம்போல. கேன்டீனில் புதுச் சமையல்காரர். காய்ந்த கடுகுக்கீரையும் பன்றிக்கறியும் என்று எழுதிப் போட்டிருக்கிறார். கீரை இருக்கிறது, கறியைத் தேட வேண்டியிருக்கிறது. முதலாளியம்மா ஷென், பதிவேடுகளை விற்று வந்த பணத்தில் கழிவுநீர்க் கூடத்துக்குப் புது வடிகட்டி வாங்கியிருக்கிறாள். ரிப்பன் வெட்டினாள். “பழைய பேப்பர் போட்டா பால் வாங்கலாம், பழைய கணக்கு போட்டா வடிகட்டி வாங்கலாம்” என்று ஒரு பேச்சு. எல்லோரும் கை தட்டினோம். விற்கலாம் என்று தெரிந்ததிலிருந்து எந்த மூலையைப் பார்த்தாலும் ஒரு அளவுமானி மாட்டுகிறார்கள். இது நல்லதுதான். முன்பெல்லாம் கழிவுநீர்க் கூடத்துப் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டுகூட அவள் வந்ததில்லை.

நம் சாய இயந்திரங்கள் மட்டும் அதே பழைய ஜெட் மாடல்தான். வெப்பம் தானாகப் பதிவாகும். எத்தனை அலசல் என்பதை மட்டும் ஷிப்ட் மாஸ்டர் கையால் தட்டிப் பதிய வேண்டும்.

அக்டோபர் பற்றி நான் பேச்சு மாறவில்லை. ஆனால் உங்கள் ஊரில் தின்கிற அந்த மீன் நாற்றம் அடிக்கிற வேரை என் தட்டில் வைக்கமாட்டேன் என்று நீ எழுதிக் கொடுக்க வேண்டும்.

அந்த வூஷிக்காரர்கள் எங்கள் எண்களை வைத்து என்னதான் செய்யப்போகிறார்கள்? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

ருவான் ஜீச்சாங்

*

குய்யாங்
8 ஏப்ரல்

ருவான்,

கல்லறைத் திருநாளுக்கு அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். மழையில் படையல் காகிதம் எரியவே இல்லை. உன் பெயரையும் சொல்லி ஒரு கட்டு வைத்தேன். “மாப்பிள்ளை வரலையா?” என்று அம்மா கேட்டது போல இருந்தது. அக்டோபரில் வருகிறார் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். இனி நீ எனக்கு மட்டும் இல்லை, அவளுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

அந்த வேர் உன் தட்டுக்கு வராது. சூப்பில் போடமாட்டேன் என்று சொல்லவில்லை.

சும்மா கேட்டாயே, வூஷிக் கதையைச் சொல்கிறேன். அங்கே வெய் என்று ஒரு பொறியாளர், இருபத்தொன்பது வயதுப் பெண். சாயம் போட்ட துணியை எத்தனை தடவை அலச வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், துணியையே பார்த்து முடிவு செய்கிற கருவி அவளுடையது. தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும் என்று நம்பினாள். அதற்காகத்தான் பதினோரு பட்டறைக் கணக்கு. எங்கேயாவது யாராவது குறைவாக அலசி நல்ல துணி எடுத்திருந்தால், அதை வைத்துக் கருவிக்குக் கற்றுக்கொடுக்கலாம். ஆனால் எந்தக் கோப்பைத் திறந்தாலும் ஐந்து அலசல். வெயிலிலும் ஐந்து, மழையிலும் ஐந்து, கறுப்புக்கும் ஐந்து, வெளிர் மஞ்சளுக்கும் ஐந்து. போன வாரம் ஃபோனில் சொன்னாள்: “அக்கா, நான் வாங்குனது இரண்டு லட்சம் லாட்டோட கணக்கு. கருவி அதையெல்லாம் படிச்சு முடிச்சுட்டு எனக்குச் சொல்ற பதில், ஐந்து. இதைச் சொல்ல மெஷின் எதுக்கு? சுவத்துல எழுதி ஒட்டினா போதாதா?” சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், குரல் சரியில்லை. மே மாதம் முடியும்வரைதான் அவளுக்குக் கெடு. அதற்குள் ஒன்றும் தேறவில்லை என்றால் திட்டத்தை மூடிவிடுவார்களாம்.

உன்னிடம் நேராகக் கேட்கிறேன். முப்பத்தைந்து வருடமாகச் சாயத்தோடு கிடக்கிறாய். ஐந்துக்குக் குறைத்தால் துணி பிறகு சாயம் போகுமா, போகாதா?

மெய்சு

*

கேச்சியா
20 ஏப்ரல்

மெய்சுவுக்கு,

அத்தைக்குக் காகிதம் வைத்ததற்கு நன்றி. மழையில் எரியாவிட்டாலும் போய்ச் சேரும்.

நீ விட்டுப்போன ஊறுகாய் ஜாடியில் விரிசல். கீரையை வேறு பாத்திரத்துக்கு மாற்றினேன். நீ கட்டுகிற மாதிரி வாயைக் கட்ட வரவில்லை, வீடு பூராவும் வாசனை. கீழ்வீட்டுக்காரர் வந்து, “மாஸ்டர், ஏதாவது செத்துப்போச்சா?” என்று கேட்டார். ஒரு தட்டு கொடுத்து அனுப்பினேன். மறுநாள் தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் இன்னொரு தட்டும் கொண்டுவந்தார். நம் ஷிப்டில் டிங் தாத்தா ஆகியிருக்கிறான். பேரக்குழந்தை பிறந்ததற்குச் சிவப்பு முட்டை கொடுத்தான். கால்வாய்க் கரையில் வில்லோ மரங்களைக் கத்தரித்துவிட்டார்கள், பார்க்க மொட்டையாக இருக்கிறது. வாத்துகளுக்கு அதில் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

முட்டி பரவாயில்லை. ஏறும்போதுதான், இறங்கும்போது இல்லை.

அலசலைப் பற்றிக் கேட்டிருந்தாய். துணி வாங்குகிற கம்பெனி அனுப்புகிற செய்முறைக் கார்டில் ஐந்து என்று இருக்கிறது. நாங்கள் கார்டுப்படி.

ருவான் ஜீச்சாங்

*

குய்யாங்
6 மே

ருவான் மாஸ்டர் அவர்களுக்கு,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். ஃபோனில் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

வெய் கடைசி முயற்சியாக இன்னொரு கோப்பு வாங்கினாள். அரசாங்கம் ஒவ்வொரு பட்டறையின் கழிவுநீர் வாயிலிலும் மாட்டியிருக்கிற மானியின் கணக்கு. அதில் மனிதர் கை படுவதில்லை. பதிவேட்டில் எழுதின அலசலும் வாயிலில் வெளியேறின தண்ணீரும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொன்னாள். பத்துப் பட்டறைகளில் ஒத்துப்போகிறது. ஏழாவதில் இல்லை. அங்கேயும் இரண்டு ஷிப்டில் சரியாக இருக்கிறது. வானிலை எழுதுகிற ஷிப்டில் மட்டும் ஐந்து பங்கு தண்ணீர் வர வேண்டிய இடத்தில் மூன்று பங்குதான் வருகிறது. ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. கணக்கு இருக்கிற மூன்று வருடமும் அப்படியே.

நான் ஆய்வகத்தில் இருந்தவள். இப்படி ஒரு கணக்கைப் பார்த்தால் யார் எதை நினைப்பார்கள் என்று உங்களுக்கும் தெரியும். மண்ணுக்கடியில் திருட்டுக் குழாய். மீதித் தண்ணீர் நேராகக் கால்வாய்க்கு. நான் ஆய்வகத்தில் இருந்த காலத்தில் வடக்குத்தெருப் பட்டறையில் அப்படித்தானே பிடித்தார்கள்? அந்த மாஸ்டரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனபோது அவர் மனைவி கேட்டருகே நின்றது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

கையெழுத்துப் போட்டவள் தவறு கண்டால் பதினைந்து நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் விதி. இருபதாம் தேதியோடு அது முடிகிறது. வெய் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. “அக்கா, நீங்களே பாருங்க, நான் தப்பாப் பாத்திருப்பேன்” என்றாள். அவள் தப்பாகப் பார்க்கவில்லை.

தண்ணீர் எங்கே போகிறது?

பான் மெய்சு

*

கேச்சியா
10 மே

மெய்சு,

உன் கடிதத்தை இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றே படித்தேன். பிறகு உட்கார்ந்துகொண்டேன். டிங் ஓடிவந்து, “என்ன மாஸ்டர், முட்டியா?” என்றான். ஆமாம் என்றேன்.

நமக்குக் கல்யாணமாகி முப்பத்தொரு வருடம். நான் கால்வாயில் சாயம் விடுகிறவன் என்று நீ நினைத்தாய். அதுவும் “அவர்களுக்கு” போட்டு எழுதினாய். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் மற்றதை எழுத வரவில்லை.

குழாய் எதுவும் இல்லை. தண்ணீர் எங்கேயும் போகவில்லை. நான் அதை எடுக்கவே இல்லை. நான் மூன்று தடவைதான் அலசுகிறேன்.

பதினோரு வருடம் ஆகிறது. ஒரு கோடையில் கழிவுநீர்த் தொட்டி நிரம்பி இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார்கள். உள்ளே கறுப்பு லாட் பாதியில். இரண்டாவது அலசல் முடிந்து, மூன்றாவதைக் கொதிக்கிற அளவுக்குச் சூடாக்கி, வழக்கத்தைவிடக் கால் மணி கூடுதலாக ஓட்டினேன். வேறு வழியில்லாமல்தான். பிறகு ஒரு மூலையைப் பிழிந்து என் சோற்றுக் கிண்ணத்தில் விட்டுப் பார்த்தேன். வெள்ளைக் கிண்ணம், அடியில் நீல மீன் போட்டிருக்கும். மீன் தெளிவாகத் தெரிந்தது. துணி ஆய்வகத்துக்குப் போனது. தேய்த்துப் பார்த்து, முதல்தரம் என்று சீட்டு வந்தது. அந்தச் சீட்டில் கையெழுத்து உன்னுடையது.

அன்றிலிருந்து மூன்றுதான். மீன் தெரியாவிட்டால் நான்கு. இதுவரை ஒரு லாட்டும் திரும்பி வந்ததில்லை. ஆனால் கார்டில் ஐந்து என்று அச்சடித்திருக்கிறது. வாங்குகிறவர்களின் ஆட்கள் வந்தால் துணியைப் பார்ப்பதில்லை, பதிவேட்டைத்தான் பார்ப்பார்கள். அதனால் ஐந்து என்று தட்டினேன். இந்தக் கணக்கு யாருக்கு வேண்டும், அலமாரிக்குத்தானே என்று நினைத்தேன். அதை ஒரு காலத்தில் கடையில் வைத்து விற்பார்கள், அதை நம்பி ஒரு பெண் இயந்திரம் செய்வாள், அதில் என் மனைவி கையெழுத்துப் போடுவாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

தெரிந்த பிறகும் சொல்லவில்லை. நீ ஏப்ரலில் நேராகக் கேட்டாய். நான் ஊறுகாய் ஜாடியைப் பற்றி எழுதினேன். அதுதான் என் தப்பு, மற்றதைவிடப் பெரிது. அக்டோபர்வரை ஓட்டிவிட்டு உன்னிடம் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். இப்போது சொன்னால் முதலாளியம்மா என்னை வெளியே போடுவாள், வாங்குகிறவர்கள் அவளை வெளியே போடுவார்கள், உன் கையெழுத்து செல்லாமல் போகும்.

நீ படித்துச் சிரித்த குறிப்புகள் எல்லாம் உண்மை. வெப்பம் உண்மை, வாத்துகள் உண்மை. எண் மட்டும்தான் பொய்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான்காவது, ஐந்தாவது அலசல் ஓடுவதாகப் பதிவேட்டில் இருக்கிற அந்த நாற்பது நிமிடத்தில் நான் என்ன செய்வேன் என்று நினைக்கிறாய்? நான்கு வருடமாக உனக்கு எழுதின கடிதங்களையெல்லாம் அந்த நேரத்தில்தான் எழுதினேன்.

ருவான்

*

குய்யாங்
13 மே

என் ருவானுக்கு,

நேற்று உன் கடிதம் வந்தது. வேலை நேரத்தில் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியே வந்தால் வரிசையில் மூன்று பேர். “சூப் ஒத்துக்கலையா அக்கா?” என்கிறார்கள்.

மன்னித்துவிடு. மார்ச் மாதம் உன்னைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன், மே மாதம் கண்ணை மூடிக்கொண்டு சந்தேகப்பட்டேன். இரண்டு தடவையும் எண்ணை மட்டும் பார்த்தேன், உன்னிடம் கேட்கவில்லை. கேட்டேன்தான், ஆனால் போலீஸ்காரி மாதிரி. “அவர்களுக்கு” போட்டதற்கு என்னை நேரில் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்.

ஆனால் உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று நினைத்துவிடாதே. நிறைய இருக்கிறது. ஊறுகாய் ஜாடியாம்! பதினோரு பட்டறைகளில் வழி கண்டுபிடித்தது ஒன்றே ஒன்று, பொய் எழுதினதும் அது ஒன்றுதான். வெய் இரண்டு வருடமாகத் தேடுகிற பதில் உன் சோற்றுக் கிண்ணத்தில் கிடக்கிறது, அவளுக்கு நீ கொடுத்தது ஐந்து. சாயக்காரன் மூளை சாயக்காரனுக்கு மட்டும்தான் வேலை செய்யும்போல.

இப்போது நான் என்ன செய்யப்போகிறேன் என்று கேள். இருபதாம் தேதி எழுதிக் கொடுத்துவிடுவேன். ஏழாவது கோப்பின் அலசல் எண் பொய், என் கையெழுத்தை வாபஸ் வாங்குகிறேன் என்று. அதோடு, அது என் கணவருடைய ஷிப்ட் என்று தெரிந்தும் விலகிக்கொள்ளாமல் தரம் போட்டேன் என்றும் சேர்த்து எழுதுவேன். அது உன் தப்பு இல்லை, முழுக்க என்னுடையது. வாத்துகளைப் பார்த்து மயங்கிப்போய்ச் செய்தது.

அதற்கு முன்னால் முதலாளியம்மாவிடம் நீயே போய்ச் சொல்ல வேண்டும். என் தாளில் இருந்து அவள் தெரிந்துகொள்ளக்கூடாது. சொல்லவே மாட்டேன் என்றால், அதையும் எனக்கு எழுதிவிடு. உன்னோடு வாழ்கிறதை நான் விடமாட்டேன், ஆனால் வெய்யின் அந்த இயந்திரம் செத்துப்போனால் எனக்கு உன்னைப் பார்க்கும்போதெல்லாம் அது ஞாபகம் வரும். பொய் சொல்லாமல் சொல்கிறேன்.

வேலை போனால் போகட்டும். நாம் சாப்பிட முடியாமல் போய்விடமாட்டோம்.

உன்
மெய்சு

*

கேச்சியா
2 ஜூன்

மெய்சுவுக்கு,

உனக்குப் பதினெட்டாம் தேதி ஒற்றை வரிச் செய்தி அனுப்பினேன், “சொல்லிவிட்டேன்” என்று. மீதியை இப்போது எழுதுகிறேன். எழுத இயந்திரத்துப் பக்கத்தில் இடமில்லை, வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஷென் மேசைக்குப் பின்னால் பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை கொட்டையை வாயிலேயே வைத்திருந்தாள். பிறகு துப்பினாள்.

“மாஸ்டர், பதினோரு வருஷமா எனக்கு ரெண்டு அலசல் தண்ணிய மிச்சம் பண்ணிக் குடுத்துட்டு, அதை என்கிட்டயே மறைச்சீங்களா?”

“ஆமா.”

“திருடறவன மறைக்கப் பாத்திருக்கேன். குடுக்கறவன் மறைச்சு இப்பத்தான்யா பாக்கறேன்! இப்ப அந்தக் கம்பெனிக்காரன் கேட்டா என்ன சொல்றது? கார்டை மீறினோம்னா? வித்த கோப்பு பொய்யின்னா?”

“நான்தான் மீறினேன்னு சொல்லுங்க.”

“பெரிய தியாகி! வெளிய போங்க. கதவச் சாத்திட்டுப் போங்க. இல்ல, நில்லுங்க. அந்தக் கிண்ணம் எங்க?”

காட்டினேன். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் என்னை ஷிப்டிலிருந்து எடுத்துவிட்டாள். அக்டோபர்வரை சம்பளம் உண்டு, வேலை இல்லை. ஓய்வு விருந்தும் இல்லை, சட்டகம் போட்ட பாராட்டுப் பத்திரமும் இல்லை. துணி வாங்குகிற கம்பெனி பாதி ஆர்டரை நிறுத்தி வைத்திருக்கிறது. என் ஷிப்டில் இருந்தவர்கள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறார்கள். டிங் மட்டும் பேசுகிறான், அதுவும் அரை வாயில். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. வேலை குறைந்தால் முதலில் அடிபடுவது அவர்கள் வீடுதான்.

உன் தாள் போன பிறகு உன் வெய் வந்தாள். ஷென் திட்டிக்கொண்டே இயந்திரத்தைக் கொடுத்தாள். பன்னிரண்டு லாட், அந்தப் பெண்ணின் கண்முன்னே ஓட்டினேன். ஒன்பதில் மூன்று அலசல், மூன்றில் நான்கு. ஒவ்வொரு கிண்ணத்தையும் அவள் ஒரு விளக்கு வைத்து அளந்தாள். “ஏன் மாஸ்டர், இதுல நாலுன்னு எப்படி முன்னாடியே சொன்னீங்க?” என்றாள். துணி நுரைக்கிற விதத்தைச் சொன்னேன். எழுதிக்கொண்டாள். “நுரை” என்று தனியாக ஒரு தலைப்பு போட்டாள். மெய்சு, இந்த முப்பத்தைந்து வருடத்தில் என்னிடம் எத்தனை என்று கேட்டிருக்கிறார்கள், எப்போது முடியும் என்று கேட்டிருக்கிறார்கள். எப்படி என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

வூஷிக்காரர்கள் வெய்யின் கெடுவை நீட்டித்துவிட்டார்கள். இதுதான் விஷயம். என்னை ஒரு வருடம் வூஷிக்குக் கூப்பிடுகிறார்கள். ஜூலை முதல் தேதியிலிருந்து. ஒரு சின்ன அறையும் தருகிறார்கள். எனக்குப் போக வேண்டும் என்று இருக்கிறது. ஒளிக்காமல் சொல்கிறேன், ரொம்ப ஆசையாக இருக்கிறது. ஆனால் அக்டோபரில் வருகிறேன் என்று உனக்கும் அத்தைக்கும் சொல்லியாகிவிட்டது. நீ வேண்டாம் என்றால் போகமாட்டேன். இதில் வருத்தப்படவும் மாட்டேன், இரண்டு மாதத்துக்குமேல்.

கடைசியாக ஒன்று. கேட்கவேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆறாம் தேதி நீ அந்தக் கடிதத்தை அனுப்பினாய். என் பதில் பன்னிரண்டாம் தேதி வந்தது. அந்த ஆறு நாளும் நீ என்ன நம்பினாய்? உண்மையைச் சொல்.

ருவான்

*

குய்யாங்
9 ஜூன்

ருவானுக்கு,

நாளை டிராகன் படகுத் திருநாள். அரிசிப் பொட்டலம் இருபது கட்டினேன், பத்தை விரைவுத் தபாலில் உனக்கு அனுப்பியிருக்கிறேன். உப்பு முட்டை வைத்தது உனக்கு. டிங்குக்கும் இரண்டு கொடு. வேண்டாம் என்பான், வாசலில் வைத்துவிட்டு வா.

என் செய்தியை முதலில் சொல்கிறேன். ஒரு வருடத்துக்கு நான் எந்தக் கோப்பிலும் கையெழுத்துப் போடக்கூடாது. வேலையை விட்டு எடுக்கவில்லை. உட்கார்ந்து தாள் அடுக்கலாம் என்றார்கள். சம்பளமில்லாத விடுப்பு கேட்டேன், உடனே கொடுத்துவிட்டார்கள். இவ்வளவு சுலபமாகக் கொடுத்தது கொஞ்சம் வலித்தது. ஆனால் எல்லாக் கோப்பையும் இனி கழிவுநீர் வாயில் மானியின் கணக்கோடு ஒப்பிட்ட பிறகே விற்க வேண்டும் என்று புது விதி வந்திருக்கிறது. அதை எழுதும்போது என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்டார்கள். உன் ஏழாவது கோப்பைத் திருத்தி, மூன்று என்று போட்டு, மறுபடி சந்தையில் வைத்தார்கள். நான்கு மாகாணத்திலிருந்து பட்டறைக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். முதலாளியம்மா நேற்று எனக்கே ஃபோன் பண்ணி, “எங்க பட்டறையோட மூணு அலசல் முறைன்னு பேர் போடலாமா?” என்கிறாள். இந்த அம்மாளை என்ன செய்வது, சொல்.

வூஷிக்குப் போ. இதற்கெல்லாம் அனுமதி கேட்பார்களா? அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். அவளுக்கு உன்னைவிட என்மேல்தான் எப்போதும் குறை, பழகிப்போயிற்று.

இனி உன் கேள்வி. ஒரு நிமிடம்கூட நம்பவில்லை என்று எழுத ஆசைதான். எழுதினால் நீயும் நம்புவாய். ஆனால் நம் வீட்டில் இந்த வருடத்துக்குப் பொய் போதும். நம்பினேன், ருவான். ஆறு நாளும் நீ அதைச் செய்தாய் என்றே நம்பினேன். எண் அவ்வளவு சுத்தமாக இருந்தது.

அந்த ஆறு நாளில் நான் என்ன செய்தேன் என்றும் சொல்கிறேன். ஏழாம் தேதி சாவ்சிங்கில் எனக்குத் தெரிந்த ஒரு வக்கீலின் நம்பரைத் தேடிப் பிடித்தேன். இப்படிப்பட்ட வழக்கில் எத்தனை வருடம் போடுவார்கள், உள்ளே இருப்பவரைப் பார்க்க எந்தக் கிழமை விடுவார்கள், மனைவி முட்டிவலி மருந்து கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்று கேட்டேன். எட்டாம் தேதி அங்குள்ள சிறைக்குப் பக்கத்தில் பஸ் வசதியோடு ஓர் அறை வாடகைக்குப் பார்த்துச் சொல்லும்படி அவரிடமே கேட்டேன். ஒன்பதாம் தேதி பெட்டி கட்டினேன். குளிர்காலத் துணி முழுவதும் வைத்தேன், எத்தனை வருடம் என்று தெரியாதே.

பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. வெய்யிடம் கேட்டேன், உனக்குத் தருகிற அறையில் இரண்டு பேர் தங்கலாமாம். ஜூலை முதல் தேதி மாலை நான்கு பத்துக்கு வண்டி வூஷி வருகிறது. பெட்டி கனமாக இருக்கிறது, ஸ்டேஷனுக்கு வந்துவிடு.

உன்
மெய்சு